கோணமலைக் கல் கணக்கு

வாயுபகவானும் ஆதிசேடனும் பலப்பரீட்சை வைத்ததில் மேரு உடைந்து, ஒரு துண்டு திருகோணமலையில் விழுந்தது. அதுதான் சுவாமிமலை. விழுந்த இடம் அப்படி: ஒருபுறம் கடலுக்குள் சரியும் நானூறு அடிச் செங்குத்துப் பாறை, மறுபுறம் கப்பல் வைத்திருந்த அத்தனை பேரும் நாக்கைத் தொங்கப்போட்ட துறைமுகம். தாயின் பூசைக்காக இராவணன் மலையையே பெயர்க்கப் பார்த்து வாளால் பிளந்தான். பெயரவில்லை, பிளவுதான் மிச்சம். அந்த இராவணன் வெட்டுக்குப் பக்கத்து மரக்கிளைகளில் பிள்ளை வரம் கேட்பவர்கள் இன்று சின்னச் சின்னத் தொட்டில் கட்டுகிறார்கள்.

இராவணனால் முடியாததைக் கல் கல்லாகச் செய்தவன் பறங்கித் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. 1622 சித்திரை வருடப்பிறப்பன்று மலைமேல் இருந்த கோயிலின் சுவாமி வீதியுலா போயிருக்க, அவனுடைய ஆட்கள் பிராமண வேடத்தில் கோயிலுக்குள் நுழைந்ததாக ஊர்க்கதை. குடுமி எப்படிச் சமாளித்தார்களோ! கோயிலை இடித்துவிட்டு, கோட்டைக்குக் கல் தேடி அலையவில்லை. கைவசம் நிறையக் கிடந்தது. கோட்டை வாசலில் பாண்டியனின் இரட்டைக் கயல் இன்றும் இருக்கிறது. கூடவே, குளக்கோட்ட மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் ஒரு கல்வெட்டு. குற்றப்பத்திரிகையை வாசலிலேயே பதித்துவைத்த குற்றவாளி உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருக்கும். கொத்தனார் தமிழ் வாசிக்கத் தெரிந்தவராக இருந்து, வேண்டுமென்றே எழுத்தை வெளிப்பக்கம் வைத்துக் கட்டியிருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு.

1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள். பிறகு நடந்தது நாற்காலிப் போட்டி. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்டில் சுஃப்ரேனின் பிரெஞ்சுப் படை பிடுங்கியது. சமாதானமானதும் திரும்ப ஒல்லாந்தருக்கே. 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார்கள். அந்தப் பெருமகனோ இந்தத் திசையில் தலைவைத்தும் படுத்ததில்லை.

கோயிலை இடித்தபோது தலைமறைவான விக்கிரகங்கள் மட்டும் பொறுமையாக இருந்தன. 1950இல் கிணறு வெட்டியவர்கள் தண்ணீர் தேட, சோமாஸ்கந்தர் வெளியே வந்தார். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்குள் மூழ்கி மிச்சக் கற்களைக் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம்.

கணக்கில் ஒரு தூண் பாக்கி. பழைய கோயிலுடையது என்று சொல்லப்படும் அதில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும். காதலன் கப்பலேறிவிட, அவள் மலையுச்சியிலிருந்து குதித்தாளாம். குதித்த அம்மணி சில வருடம் கழித்து இன்னொருவருக்கு வாழ்க்கைப்பட்டதாக ஒல்லாந்தர் பதிவேடு சொல்கிறது. வழிகாட்டிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. கலியாணத்துக்கு யார் கண்ணீர் விட்டுக் காசு கொடுப்பார்கள்?