கதிரறுக்கும் மெஷின் பிடிக்கும் நெறி: நேர்வழியும் ஆள்வழியும்

தை பிறந்து சம்பா பழுத்து நிற்கும்போது நீடாமங்கலம் வட்டாரத்து விவசாயிக்கு எழும் ஐயங்கள் இரண்டு. மழை வருமா என்பது முதலாவது. அதற்குச் சென்னையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. அறுவடை மெஷினை அதன் ஓனரிடமோ டிரைவரிடமோ நேரே பேசிப் பிடிப்பதா, புரோக்கர் வழியாகப் பிடிப்பதா என்பது இரண்டாவது. அதற்கு மையம் எதுவும் கிடையாது. ஊருக்குப் பக்கத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருந்தும், அங்கே விதையைப் பற்றிக் கேட்கலாம், பூச்சியைப் பற்றிக் கேட்கலாம், புரோக்கரைப் பற்றிக் கேட்க முடியாது. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வுக்களம் நீடாமங்கலம் ரயில்வே கேட். களத்தேர்வு குருட்டாம்போக்கில் நடந்ததன்று. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பாதையும் மன்னார்குடிக்குக் கிளைக்கும் பாதையும் சந்திக்கிற ஜங்ஷன் இது. பயணிகள் வண்டி போக, நெல் ஏற்றும் கூட்ஸ் வண்டியும் முன்னே ஒருமுறை பின்னே ஒருமுறை நகர்ந்து காட்டும். கேட் போட்டுவிட்டால் எவருக்கும் வேறு வேலை இல்லை. மற்ற இடங்களில் "அவசரமாப் போறேன் தம்பி" என்று நழுவுகிற பெரியவர்கள் இங்கே முழுத் தரவும் தந்துவிட்டே போகிறார்கள்.

கிடைத்த தரவின்படி அறிஞர்கள் இரு அணி. முதல் அணியினரை நேர்வாதிகள் என்க. "வயல் நம்மளது, வண்டி அவனுது, நடுவுல இவன் யாரு?" என்பது அவர்கள் கொள்கை. மணிக்கு இவ்வளவு என்று வாடகையில் புரோக்கர் கிள்ளி எடுக்கும் கமிஷன் அவர்கள் கண்ணை உறுத்துகிறது. இரண்டாம் அணியினர் ஆள்வாதிகள். "நட்ட நடு வயல்ல பெல்ட் அந்து நின்னா நீ யார்கிட்டப் போய்க் கத்துவே?" என்பது இவர்களின் மறுப்பு. சேலம் ஜில்லா ஆத்தூர்க்கார டிரைவரிடம் கத்தினால் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். புரோக்கர் உள்ளூர்க்காரன், எங்கே போவான்? அவன் வாங்கும் கமிஷனில் பாதி, திட்டு வாங்குவதற்கான கூலி என்பது இவ்வணியின் நுட்பமான வாதம். நேர்வாதிகள் இதற்கு இன்னும் விடை சொல்லவில்லை.

இலக்கணச் சான்றும் ஆள்வாதிகள் பக்கமே. ஊடலில் இருக்கும் தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே போய்வரத் தொல்காப்பியர் கற்பியலில் பன்னிரண்டு வாயில்களை வைத்தார். தோழி, பாங்கன், பாணன் என்று போகிறது அந்தப் பட்டியல். ஒரே வீட்டிலிருக்கும் புருஷன் பெண்டாட்டிக்கே பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள் என்றால், சேலம் ஜில்லா மெஷினுக்கும் கொரடாச்சேரிப் பக்கத்து வயலுக்கும் ஒரே ஒரு ஆள் போதும் என்பது சிக்கனமே அன்றி ஊதாரித்தனம் ஆகாது.

ஆனால் வரலாற்றைப் புரட்டினால் இரு அணியும் வாயடைத்துப் போக நேரும். நேர்வழியின் உச்சம் பழைய தஞ்சை ஜில்லாவில் இருந்த பண்ணையாள் முறை. நடுவில் எவனும் இல்லை. மிராசுதாரும் ஆளும் நேருக்கு நேர், தலைமுறை தலைமுறையாக. அவ்வளவு நேராக இருந்ததால்தான் 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வரவேண்டியிருந்தது. ஆள்வழியின் உச்சம் கங்காணி முறை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணி முன்பணம் கொடுப்பான். அது கடனாக ஆளின் தலையில் ஏறும். 'துண்டு' என்ற சீட்டில் அந்தக் கடன் எழுதப்பட்டு, கடனோடு ஆளும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறுவான். 1921ல்தான் துண்டு ஒழிந்தது. மலாயாவுக்குப் போனவர்களில் பலர் கப்பலேறியது நாகப்பட்டினத்தில். தஞ்சாவூரிலிருந்து நாகைக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் ஓடியது; அந்தப் பாதை நம் கேட்டின் வழியாகத்தான் போகிறது. ஆகவே முன்னோர் பெருமை பேசி இந்த வழக்கை ஜெயிக்க எவருக்கும் வாய்ப்பில்லை. சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பியவர்களிடம் ஏஜெண்ட் பற்றிப் பேச்செடுத்தால் கேட் திறந்த பிறகும் விடமாட்டார்கள் என்பதால் அதையும் இங்கே தவிர்த்தேன். பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கும் சேவைக்கட்டணத்துக்குக் குடியேற்ற விதிகள் 30,000 ரூபாய் என்று வரம்பு கட்டியிருக்கின்றன என்று நான் சொன்னதும் எழுந்த சிரிப்பு போதும்.

இனி ஆய்வின் மையப்பொருள். புரோக்கர் என்ன செய்கிறான்? மெஷின் இருக்குமிடம் அவனுக்குத்தான் தெரியும் என்பது பொதுக்கருத்து. அது பிழை. செல்போன் வந்த பிறகு டிரைவர் நம்பர் எல்லாரிடமும் இருக்கிறது. அவனுடைய வித்தை வேறு. அது என்னை எனின், வழி வாங்குவது.

விளக்குவோம். டெல்டாவில் பாதி வயல்களுக்குத் தனி வழி கிடையாது. ரோட்டோரம் ஒருத்தர் வயல், அதற்குள்ளே இன்னொருத்தர், அதற்கும் உள்ளே மூன்று மா வைத்திருக்கும் நம் ஆய்வுப்பொருள். நாற்றுக்கட்டு வரப்பில் தலைச்சுமையாகப் போய்விடும். பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி வரப்பில் போகாது. ரோட்டோர வயல் அறுபட்டால்தான் உள்வயலுக்கு மெஷின் இறங்க முடியும். ரோட்டோரத்தார் போட்டிருப்பது சி.ஆர். 1009 ரகம்; அது நூற்றைம்பது நாளையும் தாண்டி ஆற அமர விளையும். உள்ளே இருப்பவர் போட்டது வயது குறைந்த ரகம்; அது பழுத்து, சாய்ந்து, முளைக்கத் தயாராக நிற்கும். போதாததற்கு, வாய்க்கால் மடை தகராறில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீரில் படுத்ததை இருவருமே பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் யார் முதலில் வாய் திறப்பது?

இங்கேதான் புரோக்கர் வருகிறான். முன்வயல்காரரிடம் போய், "மாமா, பத்து நாள் கழிச்சு உங்க ஒரு வயலுக்குன்னு வண்டி வராது. இப்பவே ஓரமா ஒரு பாட்டம் அறுத்து விட்டுட்டா, மிச்சத்துக்கு நான் பொறுப்பு" என்பான். உள்வயல்காரரிடம் வந்து, "அவுங்களே வழி விடுறேன்னு சொல்லிட்டாங்கண்ணே, நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம்" என்பான். ஒரு மெஷினைக் கொண்டு ஒரு பகையைத் தாண்டுவது சிறிய காரியமன்று. ஒரு ஏக்கர் நின்ற பயிரைப் பெல்ட் வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறுத்துவிடும், சாய்ந்த பயிரென்றால் இழுக்கும். அந்த ஏக்கருக்கு வழி வாங்க ஆகும் நேரத்தை எந்த மீட்டரும் காட்டாது.

இதிலிருந்து ஒரு துணைத்தேற்றம் பிறக்கிறது. தீவிர நேர்வாதி ஒருவர் டிரைவரை நேரே பிடித்தார் என்று கொள்வோம். "எத்தனை ஏக்கரு?" என்பது டிரைவரின் முதல் கேள்வி. "ஒன்று" என்றால் போன் துண்டிக்கப்படும். லாரியில் ஏற்றி இறக்கி ஒரு ஏக்கருக்கு எவன் வருவான்? ஆகவே அவர் பக்கத்து வயல்காரர்களைச் சேர்க்கிறார். யாருடையது முதலில் என்று வரிசை போடுகிறார். டிரைவருக்குச் சாப்பாடு, படுக்க இடம் பார்க்கிறார். ஆளாளுக்குப் பணம் வசூலித்து மொத்தமாகக் கொடுக்கிறார். இவ்வளவு அலைந்ததற்கு டிரைவர் அவருடைய வயல் கணக்கில் அரை மணி நேரத்தைக் கழித்துவிடுகிறான். அடுத்த தையில் ஊரே அவருக்குப் போன் போடுகிறது. நேர்வழி முற்றினால் ஆள்வழி ஆகும் என்றவாறு.

அரசு காட்டும் மூன்றாம் வழியையும் சொல்லாவிட்டால் ஆய்வு ஒருதலையாகிவிடும். வேளாண்மைப் பொறியியல் துறை தன் மெஷின்களைத் தனியாரைவிடக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. பதிவுசெய்ய இ-வாடகை என்ற செயலியும் உண்டு. அறுவடைக்கு முன்பு கலெக்டர் ஆபீசில் விவசாயிகள், மெஷின் உரிமையாளர்கள், அதிகாரிகள் கூடிப் பெல்ட் வண்டிக்கு இவ்வளவு, டயர் வண்டிக்கு இவ்வளவு என்று மணி வாடகை நிர்ணயிக்கும் முத்தரப்புக் கூட்டமும் நடக்கிறது. நான்காம் தரப்பான புரோக்கருக்கு அங்கே நாற்காலி போடுவதில்லை. ஆனால் நிர்ணயித்த வாடகை வயலுக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவன் வாயால்தான் நமக்குத் தெரிகிறது. அரசு மெஷினோ எண்ணிக்கையில் குறைவு. பயிரோ பலருக்கும் ஒரே வாரத்தில் பழுக்கிறது. செயலியில் பதிவு செய்தவர் முறைக்காகக் காத்திருக்கையில் மேகம் கறுத்தால், செல்போனில் அடுத்து அவர் தேடுவது அந்தச் செயலியை அன்று.

புரோக்கருக்கு எதிரான சாட்சியமும் உண்டு. கடுமையானது தூரம் பற்றியது. "வண்டி எங்கப்பா?" என்று கேட்டால் "கொரடாச்சேரி தாண்டிருச்சுண்ணே" என்பான். மறுநாளும் தாண்டியிருக்கும். ஒரே மெஷின் ஒரே கொரடாச்சேரியை ஒரு வாரத்தில் பலமுறை தாண்டியும் நீடாமங்கலம் வந்து சேராதிருப்பதற்குப் பூகோளத்தில் விளக்கம் இல்லை. கேட் போட்டிருக்கிறது என்பது மட்டுமே நிலுவையிலுள்ள கருதுகோள். முன்பணத்தை இரண்டு ஊரில் வாங்கி ஒரே வண்டியை இரண்டு ஊருக்கும் சொல்வது இன்னொன்று. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. இவன் ஒரு நாள் தள்ளிப்போட, அன்று ராத்திரியே தூறல் போட்டால் நெல்லைக் களத்தில் கிளறிக்கொண்டு கிடப்பது புரோக்கர் அல்லன்.

கணக்கு முடிக்கும் இடத்தில் மட்டும் அணிகளின் வேறுபாடு மறைகிறது. மணி எங்கிருந்து தொடங்குகிறது? லாரியை விட்டு இறங்கியதிலிருந்தா, கதிரில் கத்தி பட்டதிலிருந்தா? நெல்லை டிராக்டர் டிப்பரில் கொட்டும் நேரம் யார் தலையில்? டிரைவர் தன் மீட்டரைக் காட்டுவான், விவசாயி தன் கைக்கடிகாரத்தைக் காட்டுவார், புரோக்கர் இரண்டையும் பார்த்துவிட்டு நடுவில் ஒரு எண்ணைச் சொல்வான். இருவரும் முணுமுணுத்தபடி ஒப்புக்கொள்வார்கள். கணக்கில் அவன் கெட்டிக்காரன் என்பதால் அன்று. அடுத்த வயலில் மெஷின் ஏற்கனவே இறங்கிவிட்டது.

இவ்வாய்வின் இரண்டாம் பகுதி வைக்கோல் கட்டும் மெஷின் பற்றியது. அதை நேர்வழியில் பிடித்து ஆராய்வதாகத்தான் திட்டம். நம்பருக்காக விசாரித்ததில் பழைய புரோக்கரின் மச்சான் அகப்பட்டான். முன்பணம் கொடுத்திருக்கிறேன், வண்டி கொரடாச்சேரி தாண்டிவிட்டதாம்.