மூணு அட்மிஷன், ஒரே பஸ்

தை பிறந்துவிட்டால் திருப்பூர், காங்கயம், ஈரோடு பக்கம் ஒரு மனிதர் தேய்த்த வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் மூன்று பிறப்புச் சான்றிதழ், மூன்று ஆதார், சாதிச் சான்றிதழ், போன வருசத்து ரேங்க் கார்டுகள், ஒரு கட்சிப் பிரமுகரின் சிபாரிசுக் கடிதம். கடிதத்தில் தேதி இருக்காது, பள்ளியின் பெயரும் இருக்காது. எந்த மேசையில் வேண்டுமானாலும் நீட்டலாம்.

இவருக்கு அட்மிஷன் அப்பா என்று பெயர் வைத்திருக்கிறேன். பத்துத் தையல் மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் எடுப்பவராக இருப்பார்; இல்லாவிட்டால் அரிசி மில்லோ எண்ணெய்ச் செக்கோ வைத்திருப்பார். மூத்தவன் எட்டாவது போகிறான், பெண் ஆறாவது, கடைக்குட்டி எல்கேஜி. மூன்றும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "கல்விதானுங்க சொத்து" என்பார். உள்ளே ஓடும் கணக்கு வேறு: ஒரே பஸ், ஒரே லீவு, ஒரே பேரன்ட்ஸ் மீட்டிங், அண்ணன் சட்டை தம்பிக்கு. அதில் தப்பில்லை. மூன்று பள்ளிக்கு மூன்று நேரத்தில் டிபன் கட்டும் வீடு ஒன்றில் எனக்குக் காபி கொடுத்தார்கள். அதில் உப்பு போட்டிருந்தது.

பெண்ணும் பையன்களும் ஒரே பஸ்ஸில் போவதென்றால் பள்ளி கோ-எட்டாக இருந்தாக வேண்டும். அங்கேதான் அவருக்கு நெஞ்சு இரண்டாகப் பிரிகிறது. ரிசப்ஷனில் அவர் கேட்பதைக் கேளுங்கள்.

"ஏனுங்க மேடம், இது கோ-எட் தானுங்களே?"

"ஆமாங்க சார், எல்கேஜி டு பிளஸ் டூ."

"நல்லதுங்க." குரலைத் தாழ்த்துகிறார். "பசங்களும் பொண்ணுகளும் பேசிக்கமாட்டாங்கல்ல?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல அந்தப் பெண்ணின் முகம் மலர்கிறது. ஆறாவதிலிருந்து பாய்ஸ் செக்‌ஷன் தனி, கேர்ள்ஸ் செக்‌ஷன் தனி. மாடிப்படி இரண்டு. சாப்பிடும் நேரம் கால் மணி முன்பின். பஸ்ஸில் இடது பக்கம் இவர்கள், வலது பக்கம் அவர்கள், நடுவில் ஆயா. கேட்கக் கேட்க அட்மிஷன் அப்பாவின் முகத்தில் ஒரு குளிர்ச்சி. 1960களில் கல்வியை ஆராய்ந்த ஹன்சா மேத்தா குழுவும் கோத்தாரிக் குழுவும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு ஆதரவாக எழுதியபோது, அவர்கள் மனக்கண்ணில் இந்த இரண்டாவது மாடிப்படி இருந்திருக்காது.

அவருடைய அப்பாரு சித்திரை மாசம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்துக் காளை வாங்கியவர். பேரனும் அதே கண்ணோடுதான் பள்ளியைச் சுற்றி வருகிறார். பஸ்ஸின் டயரைக் காலால் தட்டிப் பார்க்கிறார். சிசிடிவி எத்தனை என்று எண்ணுகிறார். ஏசி வகுப்பில் ஐந்து நிமிடம் நிற்கிறார். குதிரையேற்றம் உண்டு என்றால் குதிரையைக் காட்டச் சொல்கிறார். குதிரை இன்றைக்கு வரவில்லை என்கிறார்கள். வகுப்பில் பாடம் நடத்துகிறவர் யார், போன வருசமும் அவரேதான் இருந்தாரா, அடுத்த வருசமும் இருப்பாரா என்பது மட்டும் அவருடைய சுழிப் பட்டியலில் கிடையாது. அந்த நேரத்தில் வீட்டுக்கார அம்மா யாரிடமும் சொல்லாமல் கேர்ள்ஸ் பாத்ரூமுக்குப் போய் வந்துவிடுகிறார். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா. இருவரில் யாருடைய பரிசோதனையை நம்புவது என்றால், என் ஓட்டு அந்த அம்மாவுக்குத்தான்.

ஓட்டு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர் கேட்பதெல்லாம் உள்ள பள்ளி ஒன்று இவர் தெருமுனையிலேயே இருக்கிறது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். எட்டாவது வரை வகுப்பு, ஃபீஸ் கிடையாது, மத்தியானம் முட்டையோடு சாப்பாடு. 2022இல் தொடங்கிய திட்டத்தின்படி சின்ன வகுப்புகளுக்குக் காலையிலும் உண்டு. அண்ணன், தங்கை என்று எத்தனை பேர் வந்தாலும் வாங்க என்பார்கள். அருகமைப் பள்ளி என்று கோத்தாரிக் குழு எழுதி வைத்தது இந்த மாதிரிப் பள்ளியை மனதில் வைத்துத்தான். அட்மிஷன் அப்பாவுக்கு அதன் மேல் பக்தியே உண்டு. "நான் படிச்ச பள்ளிக்கோடமுங்க" என்று வேப்பமரத்தைக் காட்டிச் சொல்வார். தேர்தலுக்குத் தேர்தல் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பதும் அங்கேதான். பிள்ளைகளைச் சேர்க்கலாமே என்றால் யோசிக்கிறார். கடைசியில், "அங்க பஸ் வராதுங்களே" என்கிறார்.

போர்டு பற்றிய சண்டையை வீட்டுக்கு வீடு கேட்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மச்சான் சிபிஎஸ்இ என்பார், மாமனார் மெட்ரிக் என்பார். சமச்சீர்க் கல்வி 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்து, மெட்ரிக்குக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் போர்டில் 'மெட்ரிகுலேஷன்' என்று எழுதியிருந்தால் மாமனாருக்கு ஒரு நிம்மதி. அட்மிஷன் அப்பாவுக்கு இரண்டும் சம்மதம், "தமிழ்ல பேசுனா ஃபைன் போடுவீங்களா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பதில் கிடைத்தால் போதும்.

அடுத்தது இன்டர்வியூ. மன்னிக்கவும், இன்டர்வியூ என்று சொல்லக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, நன்கொடை வாங்கக் கூடாது, குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். ஆகவே அதற்கு 'இன்டராக்‌ஷன்' என்று பெயர். கடைக்குட்டிக்கு அம்மா ஒரு மாசமாகக் கலரும் பழமும் பாடம் பண்ணி வைத்திருக்கிறார். மிஸ் ஒரு வெள்ளைப் பசுவின் படத்தைக் காட்டி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்கிறார். அவன் லீவுக்கு லீவு அப்புச்சி தோட்டத்தில் கிடப்பவன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "மயிலை" என்கிறான். மிஸ் திருச்சிக்காரர், குழந்தை சென்னையில் பிறந்ததா என்று விசாரிக்கிறார். "இல்லீங்க மிஸ், செவலை இல்ல, இது மயிலைதானுங்க" என்று அவன் விளக்கம் வேறு சொல்கிறான். ரிப்போர்ட்டில் 'விலங்குகளை அடையாளம் காணப் பயிற்சி தேவை' என்று விழுகிறது. காங்கயம் மாட்டை நிறம் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவன்தான்.

ஆனாலும் சீட் கிடைக்கிறது. மூன்று பேர் சேர்ந்து வரும்போது எந்தப் பள்ளியும் ஒரு மயிலைக்காக விட்டுவிடாது. இனி அவர் தன் தொழில் முகத்தைக் காட்டலாம்.

"மூணு பேர் வர்றாங்க. பார்த்துப் போடுங்க மேடம்."

"சிப்ளிங் கன்செஷன் உண்டு சார். செகண்ட் சைல்டுக்குப் பத்து பர்சன்ட்."

"மூணாவதுக்குப் பாதியாப் போட்டுருங்க."

"டியூஷன் ஃபீஸ்ல மட்டும் சார். பஸ், புக், யூனிபார்ம், ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டிக்கு எல்லாம் கன்செஷன் வராது."

செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தால், மொத்தத்தில் டியூஷன் ஃபீஸ் என்பது ஊறுகாய் அளவுக்குத்தான் இருக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2009இலேயே சட்டம் உண்டு. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு உட்கார்ந்து பள்ளிவாரியாக நிர்ணயிக்கிறது. இங்கே என்ன நிர்ணயித்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கலாம். கேட்கமாட்டார். குறைந்த தொகை தெரிந்துவிட்டால் பள்ளி மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். "ரேட் கம்மின்னா துணி சாயம் போயிருமுங்க" என்பது அவர் தொழிலில் கற்ற பாடம்.

ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. எல்கேஜிக்குப் பன்னிரண்டரைக்கே விட்டுவிடுவார்கள், அதற்கு வேன் தனி. எட்டாவதுக்கு ஐஐடி ஃபவுண்டேஷன் உண்டு, ஐந்தரை வரை; அதற்குக் கடைசி டிரிப் பஸ். நடுப்பிள்ளை மட்டும் எல்லோரும் போகிற நாலு மணி பஸ்ஸில் வருகிறாள். யூனிபார்மும் இந்த வருசம் மாறிவிட்டது. பழைய டிசைன் இனி செல்லாதாம். அம்மா இப்போதும் மூன்று நேரத்துக்குத்தான் டிபன் கட்டுகிறார். அட்மிஷன் அப்பா இதையெல்லாம் வெளியே சொல்வதில்லை. கல்யாண வீடுகளில் பக்கத்து இலைக்காரருக்கு, "மூணு பேத்தையும் ஒரே ஸ்கூல்ல போட்டுட்டனுங்க, நிம்மதி" என்று ஆலோசனை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆடி மாசம் பள்ளியிலிருந்து போன் வருகிறது. பையனைப் பற்றிப் பேச வேண்டும், உடனே வரவும். போகிறார். பி.டி. சார் டைரியை நீட்டுகிறார். இடைவேளையில் கேர்ள்ஸ் பிளாக் பக்கம் போய் ஒரு மாணவியிடம் பேசியிருக்கிறான்; கையிலிருந்து எதையோ கொடுத்ததும் கேமராவில் இருக்கிறது.

"அது அவன் தங்கச்சிங்க சார். ஆறாவது பி. ஜாமென்ட்ரி பாக்ஸ மறந்துட்டுப் போயிட்டா."

பி.டி. சார் கொஞ்சம் யோசிக்கிறார். "எங்களுக்கு எப்படி சார் தெரியும்? நாளைக்கு ஆளாளுக்குத் தங்கச்சின்னு சொல்லுவாங்க. ரெண்டு பேர் ஆதார் ஜெராக்ஸ், ஃபேமிலி ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கூடவே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க. பிரின்சிபால் சைன் பண்ணா, இன்டர்வல்ல ரெண்டு நிமிஷம் பேச பெர்மிஷன் கொடுக்கலாம்."

அட்மிஷன் அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தால் நீங்கள் அவரைச் சரியாகப் படிக்கவில்லை. பிளாஸ்டிக் கவரை அவர் இன்னும் பைக் பெட்டியில்தான் வைத்திருக்கிறார். பூரித்துப்போய் டைரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறார். "கட்டுற ஃபீஸுக்கு இந்தக் கட்டுப்பாடுதானுங்க சார் வேணும். ரெண்டு நிமிசம் எதுக்குங்க, ஒரு நிமிசமே போதும்."