பொட்டலத்துக்குப் பேரு வையிடா பேராண்டி

வாடா பேராண்டி. மாடியில தோட்டம் போட்டு விதையெல்லாம் சேத்து வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் பெருமை பேசுறியாமே. பாத்தேன். அஞ்சறைப்பெட்டியில கொஞ்சம், டிவிக்கு மேல கொஞ்சம், அழுக்குச் சட்டைப்பையில கொஞ்சம். வாஷிங் மிஷின்ல கீரை முளைச்சா எனக்கும் ஒரு கட்டு அறுத்துக் குடு.

ஒரு பொட்டலத்துலயும் பேரில்ல. கேட்டா, "பாத்தாத் தெரியும் தாத்தா"ங்குற. கத்தரி விதையையும் மிளகா விதையையும் கலந்து வச்சா ஒங்க அப்பத்தாளே தடுமாறுவா. நீ கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே கண்டுபிடிச்சிருவியாக்கும்! பிள்ளைக்குப் பேரு வைக்க மூணு சோசியன் வீட்டுக்கு அலைஞ்ச ஆளு, இதுக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதக்கூடாதா? பேரோட எடுத்த மாசம், வருசமும் எழுது. வெங்காய விதை 1 வருசம் தாண்டுனாலே சந்தேகம். தக்காளியும் கத்தரியும் நல்லா வச்சா 4 வருசம்கூடத் தாங்கும்.

எடுக்குறதுலயும் அவசரம் ஒனக்கு. பிஞ்சு வெண்டைக்காயப் பிளந்து விதை எடுத்திருக்க. குறைமாசத்துப் பிள்ளைய ஏர் உழச் சொன்னா உழுமா? செடியிலயே நெத்தாகட்டும். தக்காளின்னா சதையோட பிழிஞ்சு 2, 3 நாள் புளிக்க விட்டு, வழவழப்புப் போக அலசணும். நாத்தம் வரும், பொண்டாட்டி திட்டுவா, வாங்கிக்க, பழக்கந்தானே.

விதை செத்த பொருளில்லடா, தூங்குற உசுரு. கூடவே கட்டுச்சோறு வச்சிருக்கு. ஈரமும் சூடும் பட்டா மூச்சு வேகமாகி, முளைக்குமுன்ன சோத்தத் தின்னு தீத்துரும். அதனால நிழல்ல நல்லாக் காய வையி. பூசணி விதைய ஒடிச்சா படக்குனு ஒடியணும், வளையக்கூடாது.

ஒங்க அப்பத்தா சுரைக்குடுக்கையில சாம்பல் கலந்து போட்டு, அடுப்புக்கு மேல உறியில தொங்கவிடுவா. பூசணி விதையச் சாணியில பொதிஞ்சு வரட்டியாச் சுவத்துல அடிச்சு வைப்பா. ஒன் அபார்ட்மென்ட்ல அப்படி அடிச்சா விதைக்கு முன்னால ஒன்னைத்தான் வெளியில தூக்கிப் போடுவாங்க. நீ இறுக்கி மூடுற பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வையி. வெளிய எடுத்ததும் திறந்துறாத; குளிர் தணியுற வரைக்கும் பொறு. இல்லாட்டி விதை வேர்த்துப் போகும்.

கடைப் பாக்கெட்டுல வீரிய ஒட்டுன்னு போட்டிருந்தா, அந்தக் காயிலருந்து விதை எடுத்து வைக்காத. தாயி போல பிள்ளை வராது. ஆடி பொறக்குமுன்ன 10 விதைய ஈரத்துணியில முடிஞ்சு வையி. 8 முளைச்சா ராசா. 2 முளைச்சா, பழியை என் மேல போடாம வேற விதை தேடு.

என்னடா சிரிக்குற? "இத்தனை தெரிஞ்ச தாத்தா வீட்டு விதையெல்லாம் எங்க"ன்னு கேக்குறியா? அது வந்து... நான் பேரெல்லாம் எழுதித்தான் வச்சேன். எலிக்குத்தான் படிக்கத் தெரியல.

சரி சரி, போன வருசம் ஒனக்கு ஒரு கைப்பிடி புடலை விதை குடுத்தேனே, அதுல 10 எடு. காலையிலருந்து தொண்டை வறளப் பேசுனதே அதுக்குத்தான்.