கண்ணாடிக்கு வேட்டி கட்டியவன்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்காகக் கோவைக்குப் போய், பெரிய ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் தங்கினோம். கல்யாணத்தில் என்ன பாயசம் போட்டார்கள் என்பது மறந்துவிட்டது. அந்த ஓட்டலின் பாத்ரூம் மறக்கவில்லை. குளிக்கிற மூலையைக் கண்ணாடியால் அடைத்து, அதற்கு ஒரு கண்ணாடிக் கதவும் வைத்திருந்தார்கள். கதவுக்கு உள்ளே மழை. வெளியே தரை காய்ந்து கிடந்தது. ஐம்பது வயதுவரை ஈரத் தரையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவனுக்கு அதைப் பார்த்தால் புத்தி நிலைகொள்ளுமா?

"நம்ம வீட்டுலயும் இப்படி ஒண்ணு போட்டுடலாம்" என்றேன்.

"இங்க வர்றது சிறுவாணித் தண்ணி. நம்ம வீட்டுல போர் தண்ணி" என்றாள் மனைவி. "அப்புறம், நீங்க வாங்கின எக்சர்சைஸ் சைக்கிள் கதைதான் இதுக்கும்."

சைக்கிளை நான் காதில் வாங்கவில்லை. தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் கேட்டேன். கேட்ட வாயை இன்றைக்கு வினிகர் ஊற்றிக் கழுவலாம்.

மேடவாக்கத்துப் பக்கம் நாலாவது மாடியில் எங்கள் வீடு. 38,000 ரூபாய் செலவில், மூன்றடிக்கு நாலடி இடத்தை 8 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி சூழ்ந்து நின்றது. திறப்பு விழா அன்று ஷவரைத் திருகினேன். அது அழுதது. மொட்டை மாடித் தொட்டி எங்கள் தலைக்கு நேர் மேலே இருப்பதால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். விஷயம் நேர்மாறு. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அவ்வளவுதான் அதன் வேகம். தரைத்தளத்துக்காரர் வீட்டில் அருவி கொட்டும். தொட்டிக்கு அடியிலேயே குடியிருக்கிறவன் வீட்டில் சொட்டும். ஆகவே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் மக்கையும் கொண்டுபோய் வைத்து, உட்கார்ந்து குளித்தேன். கதவை மட்டும் ஓட்டலில் மூடியது போலவே மூடினேன்.

ஒரு மாதத்தில் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இரண்டாம் மாதம் புள்ளிகள் கூடிப் படலமாயின. மூன்றாம் மாதம் உள்ளே இருப்பது நானா வாளியா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பனி படர்ந்த மாதிரிக் கண்ணாடி வேண்டுமென்றால் கடையில் கூடுதலாகக் காசு கேட்பார்கள், நமக்கு இலவசமாகவே கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பாத்ரூம் கழுவுறதுன்னு பேசுனோம். கண்ணாடின்னு பேசல" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

நான் அதை அழுக்கு என்று நினைத்து, ஸ்டீல் நாரும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அரை மணி நேரத்தில் தோள்பட்டை போனது. கண்ணாடியில் ரயில்வே ஜங்ஷன் தண்டவாளம் மாதிரி கோடுகள் விழுந்தன. கறை அப்படியே இருந்தது. கறை என்றைக்காவது போகும். அந்தக் கோடுகள் என் காலத்துக்குப் பிறகும் இருக்கும்.

பிளஸ் டூ படிக்கும் மகள் வந்து பார்த்தாள். "அப்பா, இது அழுக்கு இல்ல. கால்சியம் ஸ்டியரேட்" என்றாள். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பும் அந்தத் தண்ணீரும் சந்தித்தால் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உண்டாகும் புது உப்பு தண்ணீரில் கரையாது. கண்ணாடியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். மேலே தெறித்த தண்ணீர் காயும்போது அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் அதன்மேல் படியும். சாந்தும் கல்லும் தனித்தனியாக வந்து சுவர் எழுப்பிய கதை.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200-க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது எங்கள் தண்ணீர் 35 மார்க் வாங்கிக் கரையேறுகிற ஜாதகம். துவரம்பருப்பு குக்கரில் ஆறு விசில் விட்டும் வேகாமல் கிடப்பதற்கு மளிகைக் கடைக்காரரை நான் திட்டிக்கொண்டிருந்தது தவறு என்றும் அன்றுதான் தெரிந்தது.

மகள் இன்னொரு கணக்கும் போட்டாள். 20 லிட்டர் வாளியில் 600 வீதம் 12 கிராம் கடினத்தன்மை. அதை முழுக்கச் சமாதானப்படுத்த எழுபது கிராமுக்கு மேல் சோப்பு கரைய வேண்டும். ஏறக்குறைய ஒரு முழுக் கட்டி. அதற்குப் பிறகுதான் அந்த வாளித் தண்ணீரில் நிம்மதியாக நுரை வரும். இத்தனை வருடம் என் சம்பளத்தில் வாங்கிய சோப்பில் என் உடம்புக்கு எவ்வளவு, கால்சியத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படிப்பட்ட கறைக்குப் புளிப்புதான் மருந்து. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதையும் தேய்க்கலாம் என்றார் என் அத்தை. தேய்த்தேன். புளியிலும் அமிலம் இருப்பதால் கொஞ்சம் வேலை செய்யத்தான் செய்தது. ஆனால் கண்ணாடி முழுக்கப் பழுப்பாக வழிந்து, மூலையில் புளிச்சக்கை தேங்கி, ரசத்துக்குக் கரைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் எறும்பு வந்தது.

பிறகு வினிகருக்கு மாறினேன். அதில் ஒரு சிக்கல். கறை கரைய அமிலம் கால் மணி நேரமாவது அதன்மேல் நிற்க வேண்டும். நிமிர்ந்து நிற்கிற கண்ணாடியில் எது நிற்கும்? தெளித்ததெல்லாம் வழிந்து சாக்கடைக்குப் போனது. யோசித்து, பழைய நாலு முழ வேட்டியை வினிகரில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டினேன். பார்த்தவர்களுக்குக் கண்ணாடிக்கு வேட்டி கட்டிவிட்டது போலத்தான் இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மைத்துனர் வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சி, "அக்கா, கோபி மஞ்சூரியனா?" என்றார்.

கேலி இருக்கட்டும், வேட்டி வேலை செய்தது. எடுத்துப் பார்த்தபோது சுண்ணாம்புப் படிவு இளகியிருந்தது. ஆனால் கையில் மெழுகுபோல் ஏதோ ஒட்டியது. அமிலம் கால்சியத்தைப் பிரித்து அனுப்பிவிட்டது, கொழுப்பு மட்டும் அநாதையாக நின்றுவிட்டது என்றாள் மகள். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, மெத்தென்ற ஸ்பாஞ்சு, பிறகு தண்ணீர். மஞ்சூரியன் வாசனை பிடிக்காதவர்கள் மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்தும் இதையே செய்யலாம். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் படிவு கண்ணாடியையே அரித்து, எந்தப் புளிப்புக்கும் மசியாத புகைமூட்டமாகிவிடும்.

வெற்றிக் களிப்பில் ஒன்றைக் கவனிக்கவில்லை. வழிந்த வினிகர் பாத்ரூம் வாசலில் பதித்திருந்த வெள்ளை மார்பிள் படியில் தேங்கி நின்றது. மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். கறையும் படியும் ஒரே வம்சம் என்பது வினிகருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. படியின் பளபளப்பு போய், அங்கே சாக்பீஸ் தேய்த்தது போல ஒரு திட்டு நிரந்தரமாகக் குடியேறியது.

இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தையும் செய்யவிருந்தேன். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் இரண்டு மடங்கு வெளுக்கும் என்று ஒரு கணக்கு. வாளியில் ஊற்றப் போன நேரத்தில் மகள் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. அந்தக் கலவையிலிருந்து வருவது குளோரின் வாயு. 1915-ல் இப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் திறந்துவிட்ட அதே வாயுவை, நாலடி கூண்டுக்குள் கதவையும் சாத்திக்கொண்டு தயாரிக்க இருந்திருக்கிறேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆசிட், வினிகர், எதுவானாலும் பிளீச்சிங்கோடு சேர்க்கவே கூடாது.

இனிக் கறை வராமல் தடுப்பது எப்படி? குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைக்கலாம் என்றேன். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும் ரெசின்; அவ்வப்போது உப்பு மூட்டை போட்டால் அது புத்துயிர் பெறும். "உங்க கண்ணாடிக்கு நாங்க ஏன் உப்பு போடணும்?" என்றார் தரைத்தள அருவிக்காரர். அத்துடன் சபை கலைந்தது. அடுத்து, கட்டி சோப்பை நிறுத்தி நலுங்கு மாவுக்கு மாறினோம். பச்சைப்பயறில் சோப்பு இல்லை, அதனால் சோப்புக் கறையும் இல்லை. தண்ணீர் போகிற ஜாலிதான் அடைத்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துப் பயத்தமாவைத் தோண்டியபின் திரவ பாடி வாஷுக்குப் போனோம். அவற்றில் பெரும்பாலானவை சோப்பே அல்ல. செயற்கைச் சலவைப் பொருள்கள். கால்சியத்தோடு அவ்வளவாகச் சண்டைக்குப் போவதில்லை.

ஆனால் தண்ணீர்ச் சொட்டு காய்ந்தால் சுண்ணாம்பு படியத்தான் செய்யும். அதற்கு ஒரே வழி, சொட்டைக் காயவே விடாமல் இருப்பது. நூற்றிருபது ரூபாய்க்கு ரப்பர் வைப்பர் ஒன்று வாங்கி மாட்டினேன். "குளித்தவர் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு வெளியே வரவும்" என்று எழுதியும் ஒட்டினேன். குளித்து முடித்து, கையைத் தூக்கி, ஓரங்களைத் துணியால் ஒற்றி, கீலுக்கு அடியில் குனிந்து துடைத்து நிமிர்வதற்குள் முதுகில் வேர்வை ஓடும். இருந்தாலும் விதி விதிதானே.

ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் மதுரைக்குப் போய்த் திரும்பினேன். பாத்ரூமுக்குள் நுழைந்ததும் நெஞ்சு நிறைந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு இல்லை. நான் போட்ட கோடுகளை விட்டுவிட்டால், கடையிலிருந்து வந்த அன்று போல மின்னியது. வைப்பர்கூட உலர்ந்திருந்தது. பிறகுதான் கண்ணாடிக்கு அப்பால் பார்வை போனது. உள்ளே என் எக்சர்சைஸ் சைக்கிள் நின்றது. அதன் ஹேண்டில்பாரில் இரண்டு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வாளியும் மக்கும் கண்ணாடிக்கு வெளியே, பழைய இடத்தில், பழையபடி ஈரத் தரையில் இருந்தன.

"துடைக்கிறதுக்கு யாரால முடியும்? வெளியவே குளிச்சுக்கிறோம்" என்றாள் மனைவி. "ஹாலும் காலியாச்சு. அந்தக் கதவ மூடுங்க, சைக்கிள் மேல தண்ணி தெறிக்கும்."

மூடினேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை, வெள்ளைப் புள்ளிகள் கோலத்துக்கு வைத்தது போல விழத் தொடங்கியிருந்தன.