மலைக்காற்றில் ஓடும் விசிறி

திரிங்காப்பில் கடைவீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்தக் குளிரிலும் இரவு பகலாக விசிறிச் சத்தம். குடியிருப்பவருக்கு அப்படி என்ன வியர்வை?
– வாசகர், கேமரன் மலை

வியர்ப்பது அவருக்கில்லை, கம்ப்யூட்டருக்கு! பிட்காயின் தோண்டுகிறாரோ என்னவோ. மின்சாரம் திருடித் தோண்டியவர்களிடம் பிடிபட்ட 1,069 கருவிகளை 2021 ஜூலையில் மிரி போலீஸ் சாலை உருளையை ஏற்றி நசுக்கியது. தெனாகா மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், பில் முதலில் உங்களைத்தான் நலம் விசாரிக்கும். கணக்கை அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நோட்டீஸ் எழுத்தில் போகட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோபமுகப் பொம்மை போதாது.

நோட்டீஸைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாரே! அவர் காய்கறி வாங்கப் போகும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிடட்டுமா?
– அதே வாசகர்

வக்கீல் கைவசம் இருக்கிறாரா? 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவைப் படித்துக்காட்டுவார். வாடகைக் காலம் முடிந்தும் நகராமல் உட்கார்ந்திருப்பவரைக்கூட நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். சொந்தக்காரர் என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது.