புத்தகமும் சப்பாத்தும்

கேள்வி: பட்டப்படிப்பு படித்துக்கொண்டே படை அதிகாரியாகவும் பயிற்சி பெற முடியுமா?

பதில்: இலங்கையில் முடியும். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த, இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் அதற்கென்றே தொடங்கப்பட்டது. உயர்தரத்தில் சித்தியடைந்து தெரிவாகும் பயிலிளவல் அதிகாரிகள் பாடங்களை அங்கே படிப்பார்கள். படைப் பயிற்சிக்கு அவரவர் கழகத்துக்குப் போவார்கள். தரைப்படைக்குத் தியத்தலாவைக் குளிர்; மற்ற இரண்டுக்கும் திருகோணமலை வெயில். கடற்படைக் கழகம் துறைமுகத்துக் கடற்படைத் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. விமானப்படைக் கழகம் எதிர்க்கரையில், சீனக்குடாவில். கடலோடப் பழகுபவரும் வானேறப் பழகுபவரும் ஒரே துறைமுகத்தின் இரு கரைகளில்!

பிற கல்லூரிகளோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு சங்கடம்: விரிவுரையில் நண்பனுக்காக வரவு சொல்லலாம்; அணிவகுப்பில் நண்பனுக்காகக் கால் தூக்க முடியாது.