பாட்டிக்கும் சீரியலுக்கும் இடைப்பட்ட தூரம்: ஸ்மார்ட் டிவி குறித்த ஒரு விசாரணை

டிவியை இயக்கும் பொத்தானை ஒருவர் அழுத்தும் கணத்துக்கும், பார்க்க நினைத்ததைப் பார்க்கத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை இவ்வாய்வு ‘பாட்டி இடைவெளி’ என்று அழைக்கிறது. அளவுகோலாகப் பாட்டி தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. வீட்டில் மற்றவர்களெல்லாம் எதைப் பார்க்கலாம் என்று தேடுகிறவர்கள். எந்தச் சேனல், எந்த சீரியல், எத்தனை மணி என்று ஐயமறத் தெரிந்தவர் அவர் ஒருவரே. சாலிடேர், டயனோரா டிவிகள் கோலோச்சிய காலத்தில் இந்த இடைவெளி, பிக்சர் டியூப் சூடாகும் நேரம் மட்டுமே.

இன்று முதலில் நிறுவனத்தின் இலச்சினை வருகிறது. பிறகு யாரும் கேட்காத படங்களின் போஸ்டர்கள் ஒரு சுவர் போல வரிசைகட்டுகின்றன. புதிய அப்டேட் வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு. அதை விலக்கி, ‘இன்புட்’ என்ற இடத்தைக் கண்டுபிடித்து, ஹெச்டிஎம்ஐ 1 என்பதைத் தேர்ந்தெடுத்தால் செட்டாப் பாக்ஸ் அப்போதுதான் கண்விழிக்கிறது. இதற்குள் சீரியலில் மாமியார் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார்.

ஆய்வின் முன்னோடிகளைக் குறிப்பிடாமல் மேலே செல்வது முறையன்று. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி 1955-இல் வடிவமைத்த ‘ஃபிளாஷ்மேட்டிக்’, ஒளிக்கற்றையால் டிவியை இயக்கியது. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள் இருந்தன. ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலும் சேனல் மாறிவிடும் என்பது மட்டுமே குறை. மறு ஆண்டு ராபர்ட் ஆட்லர் செய்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ அதைத் தீர்த்தது. உள்ளே நான்கு அலுமினியத் தண்டுகள். பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி டிவியை எட்டும். பேட்டரி கிடையாது. பொத்தான்கள் நான்கே: இயக்க ஒன்று, ஒலியை அடக்க ஒன்று, சேனலுக்கு முன்னே பின்னே இரண்டு. பாட்டிக்குத் தேவையான அனைத்தும் 1956-இலேயே முழுமை பெற்றுவிட்டன என்பது இவ்வாய்வாளரின் தாழ்மையான முடிபு.

பின்னர் வந்த அகச்சிவப்பு ரிமோட்டுக்கு பேட்டரி தேவைப்பட்டது. பேட்டரியைக் கழற்றாமல் கட்டைவிரலால் உருட்டிவிடும் நம் வீட்டு மருத்துவத்தை நகைப்பவர்கள், அதன் அறிவியல் அடிப்படையை அறியாதவர்கள். உருட்டும்போது முனையில் படிந்த ஆக்சைடு தேய்ந்து தொடுப்பு சீராகிறது. உள்ளங்கையில் ரிமோட்டை அறையும் முறைக்கும் சில சமயம் இதே பலன் உண்டு. ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்றறிய, அதன் மூக்கை செல்போன் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு பல கேமராக்களில் வெளிர் ஊதாவாக மின்னும்.

அடுத்து, தேடல் எனும் துன்பியல். பல ஓடிடி செயலிகளின் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள் வரிசைக்கு ஆறாக அடுக்கப்பட்டிருக்கும். அதில் ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தைத் தேடிய களஆய்வின் கணக்கு இது. பெயரை ஆங்கிலத்தில் 14 எழுத்தாகச் சுருக்கி, முதல் எழுத்தான ‘ஏ’யிலிருந்து புறப்பட்டால் அம்புக்குறிகளை 61 முறையும் ஓகே பொத்தானை 14 முறையும் அழுத்த வேண்டும், ஆக 75 அழுத்தங்கள். ‘காட்ட’ என்பதில் நெடில் விடுபடக் கூடாது என்று இன்னொரு ‘ஏ’ சேர்க்கும் இலக்கணச் சுத்தக்காரர்களுக்கு 76. நான்கைந்து எழுத்திலேயே பரிந்துரை வந்துவிடுமே என்பார்கள். வரும், நாம் போட்ட எழுத்துக்கூட்டலும் செயலி வைத்திருக்கும் எழுத்துக்கூட்டலும் ஒத்துப்போனால். மைக் பொத்தான் இருக்கிறதே என்பது இன்னும் நியாயமான மறுப்பு. மிக்ஸி ஓடாத, குக்கர் விசிலடிக்காத வீடு ஒன்று கிடைத்தால் அதையும் ஆராயலாம்.

டிவிக்கு, செட்டாப் பாக்ஸுக்கு, சவுண்ட்பாருக்கு என ரிமோட்டுகள் மூன்றாகப் பெருகியதற்கு மருந்து ஏற்கெனவே உண்டு. ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாகவே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் ‘சிஇசி’ எனும் ஏற்பாடு அது. ஆனால் சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும் அழைக்கின்றன. ஒரே குழந்தைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டு, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று வருந்தும் குடும்பம் இது. சவுண்ட்பாரில் ஒலி பிந்தி வந்து அசல் தமிழ்ப் படமே டப்பிங் படமாகத் தெரியும் சிக்கலை வேறொரு கட்டுரைக்கு ஒதுக்குவோம்.

இத்தனை தொல்லைக்கும் காரணம் பொறியாளர்களின் அறியாமை என்று கருதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. திரை பத்தாண்டு தாங்கும். அதற்குப் பின்னாலுள்ள சிப்பும் நினைவகமும் வாங்கிய அன்றே சிக்கனமானவை. செயலிகள் ஆண்டுக்காண்டு பருக்கின்றன. 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளில் நெட்ஃப்ளிக்ஸ் நின்றுபோனது. திரையில் ஒரு குறையுமில்லை. கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் எட்டாண்டுகளுக்கு மென்பொருள் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் விதித்திருக்கிறது.

டிவி மெதுவாக இருப்பதற்குக் காரணம் சிப்பின் அந்தச் சிக்கனம். போஸ்டர் சுவருக்குக் காரணம் வேறு. அமெரிக்க நிறுவனமான விசியோ, 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் மக்கள் பார்ப்பதை நொடிக்கு நொடி சேகரித்ததாக எழுந்த வழக்கில், 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்தி முடித்துக்கொண்டது. திரையின் சில புள்ளிகளை எடுத்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் முறை அது. கேபிளோ டிவிடியோ, எதுவும் தப்பாது. 2021-இல் அந்நிறுவனம் டிவி விற்றதைவிட விளம்பரமும் தரவும் அடங்கிய பிரிவில்தான் கூடுதல் மொத்த லாபம் ஈட்டியது. ஆக, பாட்டி இடைவெளி விளம்பரத்துக்கு வாடகைக்கு விடப்பட்ட இடம். குறைப்பதில் யாருக்கும் ஆர்வம் இருக்காது. தமிழ்நாட்டில் 2006-இல் வெற்றிபெற்ற திமுக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியை இங்கே ஒப்பிடலாம். அதற்கு ஈடாக எதிர்பார்க்கப்பட்டது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அழுத்துவது மட்டுமே.

ஆகவே முன்மொழிவுகள். அணைத்தபோது எந்த இன்புட்டில் இருந்ததோ, இயக்கும்போது அங்கேயே எழ வேண்டும். பல டிவிகளில் இந்த வசதி அமைப்புகளின் அடியாழத்தில் புதைந்து கிடக்கிறது. அதை இயல்பு நிலையாக்கினால் போதும். அப்டேட் இரவு இரண்டு மணிக்கு நடக்கட்டும். ஓடிடி நிறுவனங்களுக்குத் தனித்தனிப் பொத்தான் வைக்க இடமிருக்கும் ரிமோட்டில், வீட்டார் விரும்பியபடி அமைத்துக்கொள்ள இன்னும் ஒன்றுக்கும் இடம் இருக்கும். டிவியை வாங்கியவர் அதைச் சாதாரணத் திரையாக மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால், இணையத்தில் இணை என்று நச்சரிக்காமல் விட வேண்டும்.

விலை விஷயத்தில் புத்தகம் படிக்கும் கருவி ஒன்று வழிகாட்டுகிறது. 2011-இல் அமேசான், அமெரிக்காவில் கிண்டிலை விளம்பரத்தோடு 114 டாலருக்கும் விளம்பரமின்றி 139 டாலருக்கும் விற்றது. டிவிக்கும் அப்படி இரண்டு விலைச்சீட்டு தொங்கவிட்டால், தி.நகர் கடைக்கு வரும் பாட்டி அந்த வித்தியாசத்தில் பாதியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, ஒரு வால் மவுண்டையும் இனாமாகக் கேட்பார்.